டியூஷன் சென்டர் அசைத்த கல்

அந்தக் கல் இரண்டு ஆள் உயரம் இருக்கும். என் மகள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றபோது அது அவள் பக்கமாகச் சாய்ந்தது. அதற்குப் பிறகு பல பேரிடம் இதைச் சொல்லிவிட்டேன். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அடுத்த கேள்வி, "பொண்ணு இப்ப எப்படிப் படிக்கிறா?" என்பதாக இருக்கும். அந்தக் கல்லின் கீழே இனி எந்தப் பிள்ளையும் போய் நிற்கக்கூடாது என்று நான் சொல்ல வந்தது அதற்குள் காணாமல் போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

பாலக்கரையில் எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு டியூஷன் சென்டர் இருக்கிறது. பெயர் வேண்டாம். ப்ளஸ் டூ படிக்கிற என் மகள் அங்கேதான் போனாள். நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். வருஷா வருஷம் ரிசல்ட் வந்ததும், மார்க் குறைந்த பிள்ளைகளின் அப்பாக்கள் என் மேஜைக்கு எதிரே வந்து நிற்பார்கள். அவர்கள் பேசுகிற குரல் எனக்குத் தெரியும். என் மகள் பத்தாம் வகுப்பு முடித்த நாளிலிருந்து அந்தக் குரலில் நானும் பேச வேண்டியிருக்குமோ என்று பயந்துகொண்டே இருந்தேன். இதைச் சொல்வதற்குக் காரணம், என்னைப் போன்றவர்களின் இந்தப் பயத்தை வைத்துத்தான் அந்த டியூஷன் சென்டரின் மாடிக்கு மேல் மாடி எழும்புகிறது.

ஹால் டிக்கெட் வந்த வாரம், சென்டரிலிருந்து பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பிள்ளைகளையும் முசிறிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருக்கும் 'ஞானக்கல்'லுக்கு வேனில் அழைத்துப் போகிறார்களாம். பிள்ளைக்கு ஒரு பெற்றோர் கூட வரலாம். ஹால் டிக்கெட்டின் ஜெராக்ஸை நெஞ்சில் வைத்துக்கொண்டு அந்தக் கல்லைக் கட்டிப்பிடித்து, மனசுக்குள் தன் பதிவு எண்ணைச் சொல்ல வேண்டும். போன வருஷம் அப்படிச் செய்தவர்கள் எல்லாம் இப்போது எங்கெங்கே படிக்கிறார்கள் என்று கீழே ஒரு வரிசை.

நாங்கள் கத்தோலிக்கர்கள். இதெல்லாம் நமக்கு எதற்கு என்று மனைவியிடம் கேட்டேன்.

"மாதாவுக்கு நேர்ந்தாச்சு. எதிர்வீட்டம்மா தர்காவுல ஓதிக் குடுத்த கயிறையும் கட்டியாச்சு. கல்லை மட்டும் ஏங்க விடணும்? அது எந்த மதம்னே யாருக்கும் தெரியாது. ஒருத்தரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "எல்லாரும் போறாங்கப்பா. நான் மட்டும் போகலேன்னா பரீட்சை ஹால்ல அதுதான் ஞாபகம் வரும்," என்றாள். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது. கிளம்பினோம்.

வேனில் என் பக்கத்தில் ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மகனோடு வந்திருந்தார். நெற்றியில் பளிச்சென்று திருமண். காவிரிப் பாலம் தாண்டியதும் அவராகவே பேச ஆரம்பித்தார்.

"நாங்க பெருமாளைத் தவிர வேற எங்கேயும் சேவிக்கறதில்லே. ஆனா இது கோயில் இல்லையே. கல்லுதானே. பாத்துட்டு வரதுல தோஷமில்லேன்னு தோணித்து. பையனுக்கு மேத்ஸ் கொஞ்சம் உதைக்கறது."

"எல்லாருக்கும் ஏதாவது ஒண்ணு உதைக்குது சார்," என்றேன். சிரித்துக்கொண்டோம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

டியூஷன் சென்டரை நடத்துகிற சார் முன் சீட்டில் மைக்கோடு உட்கார்ந்திருந்தார். முசிறி வரை வாய்ப்பாடும் சூத்திரமும் ஒப்பிக்க வைத்தார். வாழைத்தோப்புகள் முடிந்து வேன் வடக்கே மேட்டுக்காட்டுப் பக்கம் திரும்பியதும் கல்லின் கதையைத் தொடங்கினார்.

"இந்தக் கல்லு எங்க பெரியப்பா காட்டுல கேப்பாரில்லாம நின்னுக்கிட்டிருந்துச்சு. ஆயிரக்கணக்கான வருஷமா நிக்குது, ஒருத்தர் ஒரு சூடம் ஏத்தினதில்ல. நாமளாவது திருப்பணி செய்வோம்னு போன வருஷம்தான் இறங்கினேன். அடியில தோண்டினா ஒரே கல்லும் சல்லியுமா குப்பை. அத்தனையும் டிராக்டர் வச்சு அள்ளி வெளிய போட்டோம். சுத்தமான மணல் கொட்டி நிரப்பி, மேல சிமெண்டு பூசி, டைல்ஸ் ஒட்டிட்டோம். இப்பப் பாருங்க, எப்படி இருக்குன்னு."

வேனில் கை தட்டினார்கள். நானும் தட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

இறங்கிப் பார்த்தபோது எனக்கு முதலில் கல் தெரியவில்லை. டைல்ஸ்தான் தெரிந்தது. வெள்ளையும் நீலமுமாக, குளியலறைச் சுவரில் ஒட்டுவார்களே, அதே டைல்ஸ். அறுவடை முடிந்து தட்டை மட்டும் நிற்கிற சோளக்காட்டின் நடுவே சதுரமாக ஒரு மேடை. மேடையின் முகப்பில் கறுப்பு கிரானைட்டில் டியூஷன் சென்டரின் பெயரும் செல் நம்பரும், 'உபயம்' என்ற சொல்லும். மேடையின் நடுவில் சிமெண்டைத் துளைத்துக்கொண்டு அந்தக் கல். இடுப்பு வரை மஞ்சள் பூசி, ஜரிகைத் துண்டு சுற்றியிருந்தார்கள். அதற்கு மேலே சாம்பலும் துருவும் கலந்த நிறத்தில், உளி படாத முகத்தோடு அது தன் பாட்டுக்கு நின்றது. ஒரு கதவை அடியோடு பெயர்த்து நட்டு வைத்த மாதிரி அகலம். இரும்பே அரிதாக இருந்த ஒரு காலத்தில், தங்களில் செத்துப்போன யாருக்காகவோ மனிதர்கள் இதைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நெடுங்கல் என்று ஒரு வரி படித்ததோடு சரி. நேரில் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக வந்தது நல்லதுதான் என்றுகூட நினைத்தேன்.

வரப்போரமாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் கட்டிக்கப் போறீங்களா சார்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. பிள்ளைங்க மட்டும்."

"நாங்க கிட்டயே போகமாட்டோம். செத்தவங்களுக்கு நட்ட கல்லுன்னு சொல்லுவாங்க. தள்ளி நின்னு ஒரு கும்பிடு, அவ்வளவுதான். எழவுக் கல்லைப் போயி யாராவது கட்டிப்பிடிப்பாங்களா?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். "டவுன்காரங்க கட்டிக்கிறீங்க. உங்களுக்கு வேற மாதிரி வரம் குடுக்குமோ என்னமோ."

பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். சார் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து மேடைக்கு அனுப்பினார். ஒரு பிள்ளை கட்டிப்பிடிக்கும்போது பின்னால் இருப்பவர்கள் நெருக்கிக்கொண்டு மேடையில் ஏறினார்கள். பெற்றோர் சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். நானும் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு நின்றேன். அதனால்தான் நடந்ததைச் சரியாகப் பார்த்தேன். திரையில், கல்லுக்கும் சிமெண்டுக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. முதலில் அது நிழல் என்று நினைத்தேன். கோடு அகலமானது.

என் மகள் கன்னத்தைக் கல்லில் பதித்துக் கண்ணை மூடியிருந்தாள். டப் என்று ஒரு டைல் வெடித்தது. கல் அவள் மேல் வந்தது. வேகமாக இல்லை. தூக்கக் கலக்கத்தில் ஒருவர் தோளில் சாய்வது போல வந்தது. போனைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் பின்னலைப் பிடித்து இழுத்தேன். இருவரும் சோளத்தட்டை மேல் விழுந்தோம். கல் ஒரு சாண் அளவு சாய்ந்து, உடைந்த சிமெண்டு விளிம்பில் முட்டுக்கொடுத்து நின்றுவிட்டது. மகளின் கன்னத்தில் தோல் உரிந்து மஞ்சளும் ரத்தமும் கலந்திருந்தது. ஹால் டிக்கெட் ஜெராக்ஸை மட்டும் கையில் இறுக்கமாகப் பிடித்திருந்தாள்.

காட்டில் ஆட்டின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சார் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குவித்தார்.

"அசைஞ்சிருச்சு," என்றார். "பாத்தீங்கல்ல? இந்தப் பிள்ளைக்கு சாமி அசைஞ்சு குடுத்திருச்சு."

கை தட்டல் எழுந்தது. ஒரு குழந்தை நசுங்கிச் செத்திருக்க வேண்டியதைக் கண்ணெதிரே பார்த்துவிட்டுப் படித்தவர்கள் கை தட்டினார்கள். வங்கியில் வேலை பார்க்கிறவர்களும் ஆசிரியைகளும் அதில் இருந்தார்கள். ஒரு அம்மா என் மகளின் கன்னத்திலிருந்து மஞ்சளை விரலால் வழித்துத் தன் மகன் நெற்றியில் பூசினாள். ரத்தமும் சேர்ந்துதான் வந்தது. அதை அவள் பார்க்கவில்லை.

நான் மேடையில் ஏறிக் கல்லுக்கு முன்னால் நின்று, "யாரும் வராதீங்க. அடியில பிடிமானம் இல்ல. விழப்போகுது," என்று கத்தினேன்.

சார் என் தோளில் கை போட்டார். குரல் தேன் மாதிரி இருந்தது. "சார், பதட்டப்படாதீங்க. உங்க பொண்ணுக்குக் கிடைச்சிருச்சு. மத்த பிள்ளைங்களும் வாங்கட்டுமே. பயமா இருக்கறவங்க வேன்ல உக்காரலாம்."

என்னை மென்மையாகத் தள்ளிக்கொண்டு போய் வேனில் உட்கார வைத்தார்கள். ஜன்னல் வழியே பார்த்தேன். மிச்சமிருந்த ஒவ்வொரு பிள்ளையும் அந்தச் சாய்ந்த கல்லின் கீழே போய் நின்று கட்டிப்பிடித்தது. மெதுவாகத் தொட்டுவிட்டு வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. தங்களுக்கும் கல் அசைய வேண்டும் என்று உலுக்கினார்கள். பெற்றோர் கீழே நின்று, "இன்னும் இறுக்கிப் பிடிடா," என்றார்கள். என் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, உடம்பு தூக்கிப்போட நடுங்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில்தான் பேசினாள். காட்டோரமாகக் குவிந்து கிடந்த கற்களைக் காட்டினாள். தேங்காய் அளவிலும் தலை அளவிலும் இருந்த கற்கள்.

"அப்பா, கோயில் திருவிழாவுக்குப் பந்தக்கால் நடும்போது குழிக்குள்ள சுத்திக் கல்லை அடிச்சு இறுக்குவாங்கல்ல? சார் குப்பைன்னு அள்ளிப் போட்டது அதைத்தான்."

அதேதான். பந்தல் போடுகிற யாருக்கும் தெரிந்த விஷயம். அந்தக் கல்லை நட்டவர்கள் அதைத் தாங்கிப் பிடிக்க இறுக்கி வைத்த கற்கள் அவை. எத்தனை மழை, எத்தனை உழவு, எத்தனை அரசு பார்த்தும் நின்றிருந்த ஒன்றை, அழகுபடுத்துகிறேன் என்று ஒரு டியூஷன் சென்டர் ஒரே வருஷத்தில் ஆட்டம் காண வைத்துவிட்டது. அடியில் மணல், அதற்கு மேல் ஜிகினா. பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதும் இதே முறையில்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, போன வருஷம் தேறாமல் மறுபடி எழுதுகிற பிள்ளைகளை அழைத்துப் போவதாக இருந்தார்கள். அதை நிறுத்த எனக்கு ஒரு வாரம் இருந்தது.

லீவு போட்டுவிட்டு அலைந்தேன். எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்று எழுதப்போவதில்லை. ஒரு இடத்தில், அது பட்டா நிலம், நாங்கள் தலையிட முடியாது என்றார்கள். இன்னொரு இடத்தில், பழங்காலக் கல் என்றால் அதற்கு வேறு துறை இருக்கிறது என்றார்கள். அந்த வேறு துறையில், எங்கள் பட்டியலில் அந்தக் கல் இல்லையே என்றார்கள். ஒருவர் மட்டும் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். எனக்கு டீ வரவழைத்தார். டீயைக் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து சொன்னார்:

"இப்ப நிக்குதுல்ல சார்? விழுந்துச்சுன்னா ஒரு மனு குடுங்க. உடனே ஆக்‌ஷன் எடுத்துடலாம்."

அவர் கேலி செய்யவில்லை. உதவுகிற எண்ணத்தோடுதான் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மாலை சென்டர் வாசலில் புது ஃபிளெக்ஸ் ஒன்று கட்டியிருந்தார்கள். அதில் என் மகளின் படம். அட்மிஷனுக்குக் கொடுத்த பாஸ்போர்ட் சைஸ் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். கீழே 'கல் அசைந்த மாணவி' என்று எழுதியிருந்தது. அவிழ்க்கச் சொன்னேன். "பெருமைதானே சார், எத்தனை பேருக்குக் கிடைக்கும்?" என்றார் சார். ஏணி இல்லாமல் நானே எக்கிக் கயிற்றை அறுத்தேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அன்றைக்கே டியூஷனை நிறுத்திவிட நினைத்தேன். மனைவி அழுதாள். "கடைசி நேரத்துல நிறுத்தினா அவ என்னங்க பண்ணுவா?" என்றாள். நிறுத்தவில்லை. இந்த நாட்டில் ப்ளஸ் டூ பிள்ளையின் பெற்றோருக்கு ரோஷம் எல்லாம் மார்ச் மாதத்துக்குப் பிறகுதான்.

குழுவில் நீளமாக எழுதினேன். கல் ஏன் சாய்ந்தது என்று விளக்கினேன். கீழே விழுந்து கண்ணாடி உடைந்த என் போனில் அந்தப் படம் இருந்தது, கறுப்புக் கோட்டோடு. அதையும் போட்டேன். பதிலுக்கு வரிசையாகக் கும்பிடு கைகள் வந்தன. எனக்கல்ல, படத்தில் இருந்த கல்லுக்கு. இரண்டு பேர் அதைத் தங்கள் டிபியாக வைத்துக்கொண்டார்கள். சற்று நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் செருப்பை மாட்டும்போது மகளும் கிளம்பி நின்றாள். "நீ எதுக்கும்மா?" என்றேன். "வரேன்பா," என்றாள். அவ்வளவுதான்.

சென்டர் வாசலில் வேன்கள் நின்றன. மறுபடி எழுதுகிற பிள்ளைகள் மட்டும் என்று சொன்னார்களே தவிர, போன வாரம் வந்தவர்களிலும் பாதிப் பேர் இருந்தார்கள். எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஆட்டோ பிடித்துக் குடும்பமாக வந்திருந்தார்கள் சிலர். மகனை முதல் வேனில் ஏற்றிவிட்டு, படிக்கு அருகே ஸ்ரீரங்கத்துக்காரர் நின்றார்.

"நீங்க போன வாரமே போனீங்களே?" என்றேன்.

"போனோம். எங்களுக்கு அசையலையே," என்றார்.

"சார், அது விழப்போகுது. உங்க பையன் தலையில விழும். உங்ககிட்ட நான் பொய் சொல்லுவேனா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. மனத்தாங்கல்தான் இருந்தது. "உங்க பொண்ணுக்கு அசைஞ்சுடுத்து. இப்போ யாரும் போகப்படாதுன்னு சொல்றேள். எங்க குழந்தைகளும் நன்னா இருக்கணும்னு நாங்க நெனைக்கப்படாதா?"

பின்னாலிருந்து ஒரு அம்மா, "கிடைச்சவங்களுக்கு அடுத்தவங்களுக்குக் கிடைக்கக் கூடாதுன்னுதான் இருக்கும்," என்றாள். சிலர் தலையாட்டினார்கள்.

நான் என்னென்னவோ பேசினேன். பந்தக்கால், மணல், சிமெண்டு, கறுப்புக் கோடு. மகளின் கன்னத்தில் இன்னும் ஆறாத காயத்தைக் காட்டினேன். ஒரு பிள்ளைகூட வேனை விட்டு இறங்கவில்லை. சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு டிரைவருக்குக் கையைக் காட்டினார்.

அப்போது என் மகள் வேன் படியில் ஏறி நின்றாள். மேடையில் பேசிப் பழக்கமில்லாத பெண்.

"ஆன்ட்டி, கல் அசைஞ்சது எனக்குத்தான். புதன்கிழமை இங்க வச்ச பிசிக்ஸ் டெஸ்ட்ல நான் ஃபெயில். சார்கிட்டயே கேட்டுக்கோங்க."

எனக்கே அது செய்தி. எல்லோரும் சாரைப் பார்த்தார்கள். பேப்பர் திருத்தியது அவர். இல்லை என்று சொல்ல முடியாது.

"அது வந்து... பிள்ளை கொஞ்சம் பதட்டத்துல..." என்று இழுத்தார்.

"இதுக்கு முன்னாடி பிசிக்ஸ்ல எப்பவாவது ஃபெயில் ஆகியிருக்காளா?" என்று கேட்டார் ஸ்ரீரங்கத்துக்காரர்.

சார் டிரைவர் பக்கம் திரும்பிக்கொண்டார். கேட்டவர் ஜன்னல் வழியே கையை விட்டு மகனின் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "எறங்குடா," என்றார். "பரீட்சை நேரத்துல இதென்ன விஷப்பரீட்சை?"

"அப்ப அசைஞ்சா ஃபெயிலா?" என்று யாரோ கேட்டார்கள். "அசையவே கூடாது போலிருக்கே," என்றது இன்னொரு குரல். அடுத்தடுத்து இறங்கினார்கள். சார் ஒவ்வொருவர் பின்னாலும் போய்ச் சமாதானம் சொல்லிப் பார்த்தார். ஆட்டோக்கள் வந்த வழியே திரும்பின. வேன் ஒன்றுகூடப் புறப்படவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். என்னால் முடியவில்லை. ஒரு பெண் நசுங்கியிருப்பாள் என்றபோது அசையாதவர்கள், ஒரு ஃபெயில் என்றதும் பதறி இறங்கினார்கள். அவர்களுக்கு எது சாவு என்பதை என் மகள் என்னைவிடச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தாள். பதினேழு வயதுப் பெண்ணுக்கு அது தெரிந்திருக்கிறதே!

வீட்டுக்கு நடந்தோம். எவ்வளவு மார்க் என்று கேட்க என் வாய் துடித்தது. நான் மட்டும் வேறு மாதிரியா என்ன. கடித்துக்கொண்டு நடந்தேன். அவளாகவே சொன்னாள்.

"எனக்குத் தெரிஞ்ச கேள்விதான்பா எல்லாம். பின் பெஞ்சுல யாரோ காலை ஆட்டினதுல என் பெஞ்சு அசைஞ்சுது, எழுந்து நின்னுட்டேன். அதுக்கப்புறம் ஒண்ணும் எழுத வரல."

பரீட்சையை எழுதிவிட்டாள். கன்னத்துத் தழும்பும் மங்கிவிட்டது. கல் அங்கேயே அதே சாய்வில் நிற்கிறது. முட்டுக் கொடுக்கக்கூட ஒருவரும் போகவில்லை. போன வாரம் சென்டர் வாசலில் அடுத்த வருஷ அட்மிஷனுக்குப் புது ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். இந்த முறை மாணவர் படம் இல்லை, ஞானக்கல் மட்டும்தான். டைல்ஸ் மேடை தெரியாதபடி வெட்டி, படத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்திருக்கிறார்கள். கல் நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கிறது. அதற்குப் பின்னால் இருக்கிற பனைமரங்கள்தான் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன.